முன்பல் ஏன் தேய்கிறது? உணவுக் கோளாறும் நம் பிள்ளைகளின் பல் நலமும்

 

நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் குழுவுக்குக் கண் அறுவை சிகிச்சை, டயாலிசிஸ், பிரசவச் செலவு ஆகியவற்றுக்குத்தான் மனுக்கள் அதிகம் வரும். பல் சிகிச்சைக்கு உதவி கேட்டு வருபவர்கள் குறைவு. சென்ற ஆண்டு அப்படி ஒரு மனு வந்தது. கல்லூரி முடித்த மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்த ஒரு தகப்பனார், மகளின் மேல்வரிசை முன்பற்கள் ஆறுக்கும் 'கேப்' போட வேண்டும், பாதிச் செலவையாவது தந்து உதவுங்கள் என்று கேட்டிருந்தார். பற்கள் தேய்ந்து குட்டையாகி, ஓரம் உடைந்து, தண்ணீர் பட்டாலே கூசுகின்றன என்று எழுதியிருந்தார். நாங்களும் அதிகம் யோசிக்கவில்லை. இனிப்பு தின்று சொத்தையாகியிருக்கும் என்று நினைத்து உதவித்தொகைக்கு ஒப்புதல் அளித்துவிட்டோம்.

பணம் கொடுப்பதற்குள் பல் மருத்துவரிடமிருந்து கடிதம் வந்தது. "இப்போது கேப் போட்டால் வீண். பல் தேய்வதற்கான காரணம் நிற்கவில்லை. முதலில் அதற்குச் சிகிச்சை வேண்டும்" என்று அந்த மருத்துவ அம்மையார் எழுதியிருந்தார். விசாரித்தபோது தாயார் அழுதுவிட்டார். "சாப்பிட்டு எழுந்ததும் பாத்ரூமுக்குப் போவாள். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். தொழுகைக்கு ஒளு செய்கிறாள் என்றுதான் நினைத்தோம்" என்றார். பிள்ளை இரண்டு ஆண்டுகளாகச் சாப்பிட்டதை வாந்தி எடுத்து வந்திருக்கிறாள். வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. முதலில் கண்டுபிடித்தவர் பல் மருத்துவர்தான்.

அந்தக் குடும்பத்தாரின் சம்மதத்தோடும், அடையாளம் தெரியாத வகையிலும் இதை எழுதுகிறோம். இந்த நிலை வேறு வீடுகளிலும் இருக்கலாம். அங்கும் அது 'பல் பிரச்சினை' என்ற பெயரில் மறைந்திருக்கலாம்.

உணவுக் கோளாறு என்றால் என்ன?

பசிக்கவில்லை, இந்தக் குழம்பு பிடிக்கவில்லை என்று ஒரு வேளை ஒதுக்குவது நோயல்ல. உணவு, உடல் எடை, உடல் தோற்றம் ஆகியவற்றைப் பற்றிய எண்ணம் மனத்தை முழுவதும் பிடித்துக்கொண்டு, உண்ணும் முறையே குலைந்துபோவதை மருத்துவர்கள் உணவுக் கோளாறு என்கிறார்கள். அதில் மூன்று வகைகளை நாம் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது அனோரெக்ஸியா நெர்வோசா. உடல் மெலிந்து எலும்பும் தோலுமாக இருந்தாலும் 'நான் குண்டாக இருக்கிறேன்' என்று அஞ்சி உணவைக் குறைத்துக்கொண்டே போவது. இரண்டாவது புலிமியா நெர்வோசா. அடக்க முடியாமல் மிக அதிகமாகச் சாப்பிட்டுவிட்டு, பிறகு பயமும் குற்ற உணர்வும் மேலிட, வாந்தி எடுத்தோ பேதி மாத்திரை போட்டோ பட்டினி கிடந்தோ அதை ஈடுகட்டப் பார்ப்பது. இந்த நோயைத் தனியாக அடையாளம் கண்டு 1979-இல் எழுதியவர் லண்டன் மனநல மருத்துவர் ஜெரால்டு ரஸ்ஸல். இங்கிலாந்து இளவரசி டயானா 1995-இல் பி.பி.சி. தொலைக்காட்சிப் பேட்டியில் தமக்குப் பல ஆண்டுகள் புலிமியா இருந்ததாகச் சொன்ன பிறகுதான் உலகில் பலர் அந்தப் பெயரையே கேள்விப்பட்டார்கள். மூன்றாவது வகையில், அளவு மீறிச் சாப்பிடுவது அடிக்கடி நடக்கும். ஆனால் வாந்தி போன்றவை இருக்காது.

புலிமியா உள்ளவர்கள் பெரும்பாலும் சராசரி எடையிலேயே இருப்பார்கள். அதனால்தான் வீட்டார் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. 'ஆள் நன்றாகத்தானே இருக்கிறாள்' என்று விட்டுவிடுகிறோம்.

இது நம் ஊரிலும் உண்டா?

'இதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கும் சினிமாக்காரர்களுக்கும் வரும் நோய்' என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் சொன்னார். அது சரியல்ல. தமிழ்நாட்டு மருத்துவர்களே இதைப் பற்றி ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். மருத்துவர் டி.என். சீனிவாசனும் அவருடன் பணியாற்றிய மனநல மருத்துவர்களும் 210 மருத்துவ மாணவர்களைப் பரிசோதித்து, 1995-இல் இந்திய மனநல மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். முழு நோய் என்று சொல்லும் அளவுக்கு இல்லாவிட்டாலும், உணவும் எடையும் பற்றிய மனஉளைச்சல் 31 பேரிடம் இருந்தது. மருத்துவம் படிக்கும் பிள்ளைகளிடமே, அதுவும் கைபேசியும் சமூக வலைத்தளமும் இல்லாத காலத்தில், இந்த நிலை.

2007-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களின் ஆய்வு ஒன்று இந்தியக் குழந்தை மருத்துவ இதழில் வந்தது. தங்கள் மனநலப் பிரிவுக்கு வந்த சிறுவர், வளரிளம் பருவத்தினரில் 1.25 சதவீதத்தினருக்கு உணவுக் கோளாறு இருந்ததாக அவர்கள் கண்டார்கள். அவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் இருந்தது, மன அழுத்தத்தால் வரும் வாந்தி. இது பிள்ளை வேண்டுமென்று எடுக்கும் வாந்தி அல்ல. பள்ளிப் பயம், வீட்டுச் சண்டை, தேர்வு நெருக்கடி என்று மனத்தில் உள்ளது வயிறு வழியே வெளியே வருவது. ஆகவே 'நடிக்கிறாள்', 'திமிர்' என்று சொல்லும் முன் நாம் நிறுத்தி யோசிக்க வேண்டும்.

வாந்தி தானாக வந்தாலும் வரவழைத்தாலும், பல்லைப் பொறுத்தவரை விளைவு ஒன்றுதான்.

பல்லுக்கு என்ன நேர்கிறது?

நம் பல்லின் வெளிப்போர்வைக்கு எனாமல் என்று பெயர். மனித உடலில் எலும்பைவிடக் கடினமான பொருள் அது. ஆனால் அமிலத்துக்கு அது தாங்காது. புளிப்பை அளக்கும் பி.எச். அளவில் தண்ணீர் 7. அந்த அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். இரைப்பையில் ஊறும் அமிலமோ 1 முதல் 2 வரை. இந்த அளவில் ஒரு எண் இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு கூடும். அப்படியானால் வாந்தியோடு வாய்க்கு வரும் அமிலத்தின் வேகத்தை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்ப்பதை நம் வீட்டுப் பெண்கள் அறிவார்கள். மேலே படிந்த அழுக்கைப் புளி கரைக்கிறது. நார் அதை எடுத்துவிடுகிறது. பாத்திரத்துக்கு அது நல்லது. பல்லில் கரைவது அழுக்கல்ல, பல்லேதான். அமிலம் எனாமலை மெதுவாக்குகிறது. மெதுவான அந்த நேரத்தில் பிரஷ் வைத்துத் தேய்த்தால் அந்தப் படலம் போய்விடும். தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் ஆறும். எனாமலுக்கு அந்த வழி இல்லை.

இதற்கும் சொத்தைக்கும் வேறுபாடு உண்டு. சொத்தை என்பது வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலம் உண்டாக்கி, ஓரிடத்தில் குழி விழுவது. இங்கே அமிலம் வயிற்றிலிருந்து நேராக வருகிறது; குழி விழாமல், பரப்பு முழுவதும் வழவழவென்று கரைகிறது. பெரும்பாலும் மேல்வரிசை முன்பற்களின் உட்புறம், அதாவது அண்ணத்தை ஒட்டிய பக்கம்தான் முதலில் தேயும். கீழ்ப்பற்களை நாக்கு ஓரளவு மறைத்துக் காக்கும். கண்ணாடியில் பார்த்தால் பல்லின் முன்பக்கம்தான் தெரியும். சேதம் பின்பக்கம் நடக்கும். அதனால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரிவதில்லை. பல் மருத்துவர் சிறு கண்ணாடியை வாய்க்குள் வைத்துப் பார்க்கும்போதுதான் தெரிகிறது.

போகப் போகப் பல்லின் நுனி மெலிந்து கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும், பிறகு ஓரம் உடையும், பல் குட்டையாகும். எனாமலுக்கு அடியில் உள்ள டென்டின் மஞ்சள் நிறம் என்பதால் பல் மஞ்சளாகத் தெரியும். ஐஸ் தண்ணீர், சூடான தேநீர், இனிப்பு எல்லாம் கூசும். முன்பே வெள்ளி அடைத்த கடைவாய்ப் பல் இருந்தால், சுற்றிலும் பல் கரைந்து, அடைப்பு மட்டும் மேடாகத் துருத்தி நிற்கும்.

வாந்தி இல்லாமல் பட்டினி மட்டும் கிடப்பவர்களுக்கும் வாய் கெடும். வாயைக் கழுவி அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீர் குறைந்து வாய் வறண்டுபோகும். இரும்புச் சத்தும் பி வைட்டமின்களும் குறைந்தால் வாயோரம் வெடிக்கும், நாக்கு வழவழப்பாகி எரியும். வைட்டமின் சி குறைந்தால் ஈறு வீங்கி இரத்தம் கசியும்.

அடிக்கடி வாந்தி எடுப்பவர்களில் சிலருக்குக் காதுக்குக் கீழே, தாடையோரம் உமிழ்நீர்ச் சுரப்பிகள் வீங்கி, முகம் உருண்டையாகத் தெரியும். வலி இருக்காது. அந்தப் பிள்ளை கண்ணாடியைப் பார்த்து, 'இவ்வளவு செய்தும் முகம் பெருத்துக்கொண்டே போகிறதே' என்று பயந்து, இன்னும் அதிகமாக வாந்தி எடுப்பாள். நோய் நோயையே வளர்க்கிறது. வாந்தி எடுத்தால் சாப்பிட்டதெல்லாம் வெளியே போய்விடும் என்பதும் தவறு. அதற்குள் ஒரு பங்கை உடல் எடுத்துக்கொண்டுவிடும். எடையும் குறையாமல் பல்லும் போவதுதான் மிச்சம்.

எல்லாப் பல் தேய்வும் இதுவா?

இல்லை. இதை அழுத்திச் சொல்கிறோம். இக்கட்டுரையைப் படித்துவிட்டுப் பல் கூசும் எல்லாப் பிள்ளைகளையும் சந்தேகிக்க வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு மசக்கை வாந்தியால் பல் தேயலாம். நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் நீண்ட நாள் உள்ள ஆண்களுக்கும் இதே இடத்தில் தேயும். எடை குறைக்க என்று தினமும் வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறு, ஆப்பிள் சிடர் வினிகர் குடிப்பவர்களுக்கும், பாட்டில் பாட்டிலாகக் கோலா குடிப்பவர்களுக்கும் பல் கரையும். செங்கல் பொடி, கரி, உப்பு கொண்டு அழுத்தித் தேய்ப்பவர்களுக்குத் தேய்மானம் வரும். தர்மபுரி, சேலம், கிருஷ்ணகிரிப் பக்கம் வளர்ந்தவர்களுக்குப் பல்லில் இருக்கும் பழுப்புக் கறை தண்ணீரிலுள்ள ஃபுளோரைடால் வருவது, அது வேறு. எது எதனால் என்று பிரித்துச் சொல்வது மருத்துவர் வேலை.

ஆனால் பல் தேய்வோடு கீழ்க்கண்டவற்றில் சிலவும் சேர்ந்து இருந்தால் பெற்றோர் கவனிக்க வேண்டும்:

* சாப்பிட்டு எழுந்ததும் ஒவ்வொரு முறையும் குளியலறைக்குப் போய் நெடுநேரம் இருப்பது.
* குடும்பத்தோடு ஸஹனில் உட்கார்ந்து சாப்பிட மறுப்பது. 'அப்புறம் சாப்பிடுகிறேன்', 'தோழி வீட்டில் சாப்பிட்டேன்' என்பது.
* வாங்கி வைத்த பேக்கரிப் பண்டங்கள் இரவில் மொத்தமாகக் காணாமல் போவது.
* விரல் கணுக்களின் மேல் தழும்பு அல்லது தடித்த தோல்.
* மாதவிடாய் தள்ளிப்போவது அல்லது நின்றுவிடுவது, முடி கொட்டுவது, எப்போதும் குளிர்வது, தலைசுற்றல்.
* ஒரு நாளைக்குப் பலமுறை எடை பார்ப்பது. உடம்பைப் பற்றி ஒரு சொல் சொன்னாலும் அழுவது.

ஆண் பிள்ளைகளும் விதிவிலக்கல்ல. ஜிம்மில் சேர்ந்து 'கட்' வர வேண்டும் என்று பட்டினி கிடக்கும் வாலிபர்களிடமும் இது உண்டு. அவர்கள் இன்னும் வெளியே சொல்ல மாட்டார்கள்.

மார்க்கத்தின் பெயரால் நோய் மறையக் கூடாது

இந்தப் பகுதியை எழுத எங்களுக்குச் சற்று வருத்தமாகவே இருக்கிறது. மேலே சொன்ன அதே பெண் பிள்ளையை, திங்களும் வியாழனும் விடாமல் நஃபில் நோன்பு வைப்பவள் என்று மதரஸா ஆண்டு விழா மேடையில் பாராட்டியவர்கள் நாங்கள்தான். 'இந்தப் பிள்ளையைப் பாருங்கள்' என்று மற்றப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். அவள் அப்போதே நோயில் இருந்திருக்கிறாள். சாப்பிடாமல் இருக்க நோன்பு அவளுக்கு ஒரு திரையாகிவிட்டது. அந்தத் திரையை நாங்களும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறோம்.

அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) என்ற இளம் ஸஹாபி தினமும் நோன்பு வைத்து இரவெல்லாம் தொழுதுகொண்டிருந்த செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, அவர்கள் பாராட்டவில்லை. அழைத்துக் கண்டித்து, உடலுக்கும் அவர்மீது உரிமை உண்டு என்று உணர்த்தி, குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஹதீஸ் நூல்களில் பலரும் அறிந்த நிகழ்ச்சி இது. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற வழிகாட்டுதலும் அளவு மீறி உண்பவரைத் திருத்துவதற்குத்தான். ஒரு இட்லியோடு எழுந்துவிடும் பிள்ளையிடம் அதைச் சொல்லிப் புகழக் கூடாது.

நோன்பைக் கடமையாக்கிய அல்பகரா அத்தியாயத்தின் அதே பகுதியில்தான் (183 முதல் 185 வரையுள்ள வசனங்கள்) நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை இருக்கிறது. உணவுக் கோளாறும் நோய்தான். கடும் அனோரெக்ஸியாவிலோ புலிமியாவிலோ இருப்பவர் நோன்பு வைக்கலாமா என்பதை மருத்துவர் சொல்லைக் கேட்டு, ஹஜ்ரத்திடம் விளக்கம் பெற்று முடிவு செய்யுங்கள். தானாக வந்த வாந்தியால் நோன்பு முறியாது, வேண்டுமென்றே எடுத்தால் முறியும் என்பது பொது விதி. விவரங்களில் ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு என்பதால் அதையும் ஆலிம்களிடமே கேட்டுத் தெளிவு பெறுங்கள். நோயாளிப் பிள்ளையிடம் 'உன் நோன்பெல்லாம் போச்சு' என்று சொல்லி அதை ஒரு கத்தியாக்க வேண்டாம். ரமளான் இந்தப் பிள்ளைகளுக்குக் கடினமான மாதம். பகலெல்லாம் பட்டினி, இஃப்தாரில் கஞ்சி, வடை, சமோசா, பிரியாணி என்று ஒரே நேரத்தில் எல்லாம். அடக்க முடியாமல் சாப்பிடுவதற்கும் பிறகு வாந்தி எடுப்பதற்கும் அதுவே வழியாகிவிடலாம்.

வீட்டில் எப்படிப் பேசுவது?

பெண் பார்க்க வந்தவர்கள் 'கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாள்' என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது ஒரு பிள்ளையின் மனத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது. வலீமா விருந்தில் மாமிமார்கள் இடுப்பைக் கிள்ளிப் பேசுவது, பெரியத்தா 'குண்டு' என்று செல்லப் பெயர் வைப்பது எல்லாம் நமக்கு விளையாட்டு. அந்தப் பெண் பிள்ளையும் பின்னாளில் தன் தாயாரிடம் சொன்னது இதுதான். முதல் முறை பெண் பார்க்க வந்தபோது காதில் விழுந்த ஒரு வார்த்தையிலிருந்துதான் எல்லாம் தொடங்கியதாம். அது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. இந்த நோய்க்குப் பரம்பரை, மனநிலை, சூழல் என்று பல காரணங்கள் சேர்கின்றன. ஆனால் நம் கையில் உள்ளது நம் நாவுதான்.

சந்தேகம் வந்தால் அத்தாவும் அம்மாவும் சேர்ந்து விசாரணை நடத்த வேண்டாம். பிள்ளை யாரிடம் மனம் விட்டுப் பேசுமோ, தாயோ நன்னியோ அக்காவோ, அவர் தனியாக, சாப்பாட்டு நேரம் அல்லாத வேளையில் பேசட்டும். "பல் கூசுகிறது என்கிறாயே, வயிற்றுக்கும் ஏதாவது தொந்தரவு இருக்கிறதா? எதுவாக இருந்தாலும் கோபப்பட மாட்டேன், சேர்ந்து டாக்டரைப் பார்ப்போம்" என்பதுபோல் தொடங்கலாம். முதல் நாளே ஒப்புக்கொள்வாள் என்று எதிர்பார்க்காதீர்கள். குளியலறைக் கதவைத் தட்டிப் பிடிப்பது, வாயில் ஊட்டித் திணிப்பது, உறவினரிடம் சொல்லி மானம் போகச் செய்வது மூன்றும் நோயை இன்னும் ஆழமாக ஒளிக்கும். நீண்ட நாள் பட்டினி கிடந்து மிக மெலிந்தவருக்குத் திடீரென்று நிறைய உணவு கொடுப்பதும் உயிருக்கே ஆபத்து. மருத்துவர் மேற்பார்வையில் சிறிது சிறிதாகத்தான் கூட்ட வேண்டும்.

சிகிச்சை நடக்கும் வரை பல்லைக் காக்க

நோய் ஒரு நாளில் நிற்காது. அதுவரை பல் இன்னும் கரையாமல் இருக்க மருத்துவர்கள் சொல்லும் எளிய வழிகள் இவை:

1. வாந்தி எடுத்தவுடன் பல் துலக்கக் கூடாது. மிஸ்வாக்கும் அப்போது வேண்டாம். குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத் துலக்கலாம்.
2. உடனே செய்ய வேண்டியது, தண்ணீரால் நன்றாக வாய் கொப்பளிப்பது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிறு கரண்டி சமையல் சோடா கலந்து கொப்பளித்துத் துப்பினால் அமிலம் தணியும். விழுங்கக் கூடாது.
3. மென்மையான பிரஷ், ஃபுளோரைடு உள்ள பற்பசை. மிஸ்வாக் செய்பவர்கள் குச்சியின் நுனியை நன்கு மென்று மிருதுவாக்கி, அழுத்தாமல் செய்யவும்.
4. எலுமிச்சைச் சாறு, வினிகர், கோலா ஆகியவற்றை நிறுத்துவது. தாகத்துக்குத் தண்ணீரும் மோரும் போதும்.
5. கூச்சத்துக்கு விளம்பரத்தில் வரும் பசையை வாங்கிப் போட்டுவிட்டு மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது.

பல் மருத்துவரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். வாந்தி என்று தெரிந்தால் அவர் முதலில் ஃபுளோரைடு பூசி, உடைந்த ஓரங்களைத் தற்காலிகமாக நிரப்பி, கூச்சத்தைக் குறைப்பார். கேப் போன்ற நிலையான வேலைகளை வாந்தி நின்ற பிறகு வைத்துக்கொள்வார். சொல்லாமல் மறைத்துக் கேப் போட்டால், அதன் விளிம்பில் பல் கரைந்து சில காலத்தில் மீண்டும் செலவு வரும்.

எங்கே போவது?

திருச்சி சாலையிலுள்ள கோவை அரசு மருத்துவமனையில் பல் பிரிவும் மனநலப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. இ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளர் குடும்பங்கள் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் விசாரிக்கலாம். நேரில் போகத் தயங்குபவர்கள் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட இந்தக் கட்டணமில்லா அரசு மனநலச் சேவையில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். பேச்சுவழிச் சிகிச்சை, குடும்பத்தாருக்கான ஆலோசனை, உணவு ஆலோசனை, தேவைப்பட்டால் மருந்து என்று இதற்கு நல்ல சிகிச்சைகள் உள்ளன. பெரும்பாலோர் தேறுகிறார்கள், ஆனால் மாதங்கள் ஆகும்.

மயங்கி விழுதல், நெஞ்சுப் படபடப்பு, வாந்தியில் இரத்தம், கைகால் தளர்ந்து எழ முடியாமை, உயிரை விட்டுவிடுவதாகப் பேசுதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். தொடர்ந்து வாந்தி எடுப்பதால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பே தடம் புரளும்.

'மனநல மருத்துவரைப் பார்த்தாள் என்று தெரிந்தால் யார் கட்டிக்கொள்வார்கள்' என்பதுதான் எல்லாப் பெற்றோருக்கும் உள்ள பயம். எங்களுக்கும் பெண் பிள்ளைகள் உண்டு; அந்தப் பயம் புரியாமல் இல்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி நோயாளியின் விவரத்தை மருத்துவமனை இரகசியமாகக் காக்க வேண்டும். நிக்காஹுக்குப் பிறகு சரியாகிவிடும் என்று மூடி வைத்தால், புது வீட்டில் நோய் கூடத்தான் செய்யும்.

அறக்கட்டளையின் முடிவு

இந்த அனுபவத்துக்குப் பிறகு குழு கூடிச் சில முடிவுகளை எடுத்துள்ளது. முன்பற்களுக்கான உதவி மனுவோடு, தேய்மானத்துக்குக் காரணம் என்ன என்ற பல் மருத்துவரின் குறிப்பும் வேண்டும். காரணத்தை எங்களிடம் சொல்ல விரும்பாதவர்கள், 'காரணத்துக்குச் சிகிச்சை நடக்கிறது' என்ற ஒரு வரி வாங்கி வந்தால் போதும். மனநலச் சிகிச்சைக்கான போக்குவரத்து, மருந்துச் செலவும் இனி மருத்துவ உதவியில் சேரும். பெண் பிள்ளைகளின் மனுக்களைக் குழுவின் பெண் உறுப்பினர் மட்டுமே படிப்பார். மதரஸா மேடையில் நஃபில் நோன்புக்காகவோ உடல் தோற்றத்தை வைத்தோ எந்தப் பிள்ளையையும் இனி பேச மாட்டோம்.

அந்தப் பெண் பிள்ளையின் நிக்காஹ், இரு வீட்டாரும் பேசிச் சில மாதங்கள் தள்ளிவைக்கப்பட்டது. மாப்பிள்ளை வீட்டாரிடம் உள்ளதைச் சொன்னவர் அவளுடைய அத்தாதான். அவர்கள் விலகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். வாந்தி வெகுவாகக் குறைந்திருக்கிறது, முழுவதும் நிற்கவில்லை. பற்களுக்கு இன்னும் கேப் போடவில்லை. அதற்காக ஒதுக்கிய தொகை அவள் பெயரிலேயே இருக்கிறது. மருத்துவர் சொல்லும் நாளில் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.

நமக்குத் தரப்பட்ட உடல் ஓர் அமானிதம். பிள்ளைகள் அதைவிடப் பெரிய அமானிதம். நோயுற்ற நம் பிள்ளைகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக! அவர்களைப் புண்படுத்தாத நாவை நமக்குத் தருவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்